பத்தில் நிற்பவன்

ஆறு மணிக்கு மீன் ஏலம்.
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு
ஃபரோ தீவுகளின் இருநூற்று நாற்பது வியாபாரிகள்
இருநூற்று நாற்பது சமையலறைகளில்
காப்பி ஆறும் முன்
கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள்.
பாதிப் பேருக்கு அது படகின் பெயர்.
மீதிப் பேருக்குப் படகின் பெயரும்
கடைசியில் ஓர் ஒன்றும்.

ரன்வோவுக்கு இது தெரியாது.
தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான்
அவளுக்குச் சம்பளம்.

கிளாக்ஸ்விக் துறைமுகம்,
குளிர்பதனக் கிடங்கின் பின்னறை.
எட்டு ஜிபி நினைவகத்தோடு ஒரு சர்வர்,
யாரோ விட்டுப்போன ஈரக் கையுறை.
அமைப்புக் கோப்பின் நாற்பத்தொன்றாம் வரியில்
செலவு = 10
பக்கத்தில் ஒரு குறிப்பு:
பிறகு கூட்டவும்.
பதின்மூன்று வருடமாக
அந்தப் பிறகு வரவில்லை.

உப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.
இருந்தது, ஆளுக்கொரு சிட்டிகை,
ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
ஒரே சொல்லை வைத்திருக்கும் இரண்டு பேர்
உப்பில்லாத பட்டியலில்
ஒரே முகத்தோடு நிற்பார்கள்.

புதிய முறைக்கு மூன்று திருகுகள்:
எவ்வளவு நினைவகம், எத்தனை சுற்று,
எத்தனை கை.
அறுபத்துநான்கு எம்பி என்று ஆசைப்பட்டாள்.
மீன்பெட்டி அட்டையில் பெருக்கினாள்:
இருநூற்று நாற்பது பேர், ஒரே நிமிடம்,
பதினைந்தாயிரத்து முந்நூற்று அறுபது.
எட்டு ஜிபி மூச்சுமுட்டிச் செத்துவிடும்.
காட் மீன் தரையில் கிடக்கும்,
ஹானுஸ் தொலைபேசியில் கத்துவான்.

ஹானுஸ் அதற்கு முன்பே கத்தினான்:
"வேகத்துக்குத்தானே மெஷின் வாங்கினோம்,
நீ ஏன் காசு வாங்கிக்கொண்டு மெதுவாக்குகிறாய்?"
"உனக்கு ஒரு தடவை,
அவனுக்குக் கோடித் தடவை" என்றாள்.
"எவனுக்கு?"
அவளுக்கும் தெரியாது.

அதுவும் ஏலம்தான்.
எதிரே முகமில்லாத ஒருவன்,
என்றோ ஓர் இரவு
பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவன்.
விலை மில்லி நொடியில்.
அவள் ஏற்ற ஏற்ற
அவன் ஆண்டுகளை எண்ணவேண்டும்.
ஆனால் அவள் ஏற்றுவதை
ஹானுஸும் சேர்ந்து கட்டவேண்டும்.

பத்தொன்பது எம்பி, இரண்டு சுற்று, ஒரு கை.
மறுபடி அட்டை: நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது.
அடங்கும்.
கண் இமைக்கும் மாத்திரைகூட ஆகவில்லை.
இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று
கை போனது.
மூன்று சுற்று வைத்தாள்.

திருகைத் திருகினால் பழையது மாறாது.
சொல்லோ அவளிடம் இல்லை.
அவரவர் வந்து தட்டும்போது மட்டும்
பழைய ஹாஷ் போய்ப் புதியது உட்காரும்.
முதல் காலையில் இருநூற்றுப் பதினொன்று.
வெள்ளிக்குள் இருநூற்று முப்பத்தாறு.
நால்வரைத் தேடினாள்.
ஒருவர் படகை விற்றுவிட்டார்.
ஒருவர் கோபன்ஹேகனில், இடுப்பு அறுவைச் சிகிச்சை.
மார்யுன் மனைவழிச் சண்டையில்
ஏலத்தையே மறந்திருந்தாள்; அழைத்ததும் வந்தாள்.

மிச்சம் பார்டுர்.
மிக்கினெஸுக்கு மேற்கே, பிப்ரவரி,
ஆறு வருடம்.
அவன் இன்னும் பத்தில் நிற்கிறான்.

வழி உண்டு: பழைய ஹாஷை
அப்படியே புதிய ஆலையில் போட்டு
இன்னொரு முறை அரைக்கலாம்.
பூட்டுக்கு மேல் பூட்டு.
கட்டளையைப் பாதிவரை எழுதினாள்.
யார் வந்து திறக்க?

ஹாஷை அழித்தாள்.
கட்டத்தை வெறுமையாக விட்டாள்.
பெயரைத் தொடவில்லை, கடைசி விற்பனையையும்:
ஹேடக், முந்நூற்று நாற்பது கிலோ,
விலை மோசம்தான்.

நாற்பத்தொன்றாம் வரிக்குத் திரும்பினாள்.
பிறகு கூட்டவும் என்பதை எடுத்துவிட்டு
அடுத்த மார்ச் 3, காலை
என்று தேதி போட்டாள்.
கீழே தன் பெயர்.
கையுறை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.
ஐந்து ஐம்பத்தேழு.